பொத்தான் தெரியும் வரை

அக்காவின் நாற்றுப் பண்ணையில் ஒரு கறுப்பு வாளி இருந்தது. அதன் அடியில், நட்டநடுவில், ஒரு சிவப்புப் பொத்தான் ஒட்டியிருக்கும். சட்டையில் தைக்கிற சாதாரண நாலு ஓட்டைப் பொத்தான். ஒட்டியவர் பூனையண்ணன். கூரையில் இறங்கிய மழைத் தண்ணீரில் எது தொட்டிக்குப் போகலாம், எது வெளியே சாக்கடைக்குப் போக வேண்டும் என்பதைப் பதினாலு வருஷம் அந்தப் பொத்தான்தான் தீர்மானித்தது. அதில் ஒரே ஒருநாள் தப்பு நடந்தது. அன்றைக்கு வாளிப் பக்கத்தில் நின்றவன் நான். பழியைச் சுமந்தவர் அவர்.

அவருக்கு வேறொரு பெயர் இருக்கிறது. அது அடையாள அட்டையில் மட்டும்தான் புழக்கத்தில் இருந்தது. பண்ணையில் இரண்டு பசுமைக்குடில்கள் ஒட்டி நிற்கும். மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்திய வளைந்த கூரைகள். இரண்டு வளைவு சேரும் பள்ளத்தில் ஒரு முழ அகலத்துக்குத் தகர வாய்க்கால் ஓடும். அதற்குள் வெறுங்காலோடு, ஒரு கையில் வாளியும் மறு கையில் துடைப்பமுமாக, கீழே இருப்பவருக்குச் சத்தமே கேட்காமல் அவர் நடந்து போவார். நாற்று எடுக்க வந்த பெண்களில் யாரோ ஒருத்தி "மேல பூனை நடக்குது" என்று சொல்ல, அவர் தகரத்தைத் தட்டி "மியாவ்" என்றாராம். அன்றிலிருந்து பூனை. அக்காவுக்குப் பூனையண்ணே. அவருடைய மனைவிகூட ஒரு தடவை போனில், "பூனை கிளம்பிடுச்சா?" என்று கேட்டதாக அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

முன்பு அவர் பெரிய கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கிறவராக இருந்தார். பலகையைக் கயிற்றில் தொங்கவிட்டு எட்டாவது மாடி, பத்தாவது மாடி என்று வேலை. கூட வேலை பார்த்த ஒருவர் அவர் கண்முன்னால் விழுந்தார். அந்த மாதமே அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "விழுந்தா மண்ணுல விழற உயரம் போதும் தம்பி." பசுமைக்குடில் வாய்க்காலில் இருந்து விழுந்தால் மண்ணில்தான் விழ வேண்டும். அளந்து பார்த்துத்தான் அக்காவிடம் சேர்ந்தாராம்.

"வீட்டுல ஒரு பல்பு மாத்தச் சொன்னா நாற்காலி ஆடுதும்பாரு," என்பாள் அவர் மனைவி. தையல்காரி. வாசலை ஒட்டிய அறையில் மிஷின் போட்டிருந்தாள். "அங்க என்னடான்னா கூரை மேல ஊர்வலம்."

"நாற்காலி நீ வாங்கினது. வாய்க்கால் நான் போட்டது. எதை நம்பணும்னு எனக்குத் தெரியாதா?" என்பார் அவர்.

வாய்க்காலைப் போட்டது அவர்தான் என்பது உண்மை. அக்கா பண்ணை தொடங்கியபோது கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் தொடங்கினாள். அது உப்பு. அதில் கை கழுவினால் சோப்பு நுரைக்காது. வளர்ந்த செடி எப்படியோ தாக்குப்பிடிக்கும்; குழித்தட்டில் இரண்டு இலை விட்டு நிற்கிற நாற்று தாங்காது, ஓரம் கருகிவிடும். முதல் வருஷம் பாதி நாற்று போனது. அடுத்த வருஷம் இவர் வந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கூரையை வச்சுக்கிட்டுத் தண்ணி இல்லேங்கறீங்களேம்மா," என்றிருக்கிறார். அவரே தகரம் வளைத்தார். எல்லா வாய்க்காலும் ஒரே மூலைக்குச் சரியும்படி மட்டம் பார்த்தார். மூலையில் தொடை கனத்துக்கு ஒரு குழாய் கீழே இறங்கும். நெஞ்சுயரத்தில் ஒரு வால்வு. கைப்பிடி இடதுபக்கம் இருந்தால் தண்ணீர் சாக்கடைக்கு. வலதுபக்கம் திருப்பினால், பையாகத் தைத்த ஒரு வடிகட்டித் துணி வழியாகத் தொட்டிக்கு. பூமியைத் தோண்டிக் கறுப்புத் தாள் விரித்த பெரிய தொட்டி. துணிப்பையைத் தைத்தது தையல்காரி.

வால்வை எப்போது திருப்புவது என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம். வெயில் காலத்தில் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இல்லாவிட்டால் உள்ளே நாற்று வெந்துவிடும். சுண்ணாம்பைப் பூனையண்ணனே பீப்பாயில் கலக்குவார், வேறு யாரையும் விடமாட்டார். விரலை முக்கி எடுத்தால் நகம் மறைய வேண்டும், ரேகை மறையக் கூடாது. அதுதான் பதம். முதல் மழை வரும்போது இந்தச் சுண்ணாம்பும், நாலு மாதத் தூசியும், பறவை எச்சமும் சேர்ந்து பால் மாதிரி இறங்கும். அது தொட்டிக்குப் போகக் கூடாது. குழாயில் வைத்த சின்னத் திருகைத் திறந்து கறுப்பு வாளியைப் பிடிப்பார். வெள்ளை வாளியில் சுண்ணாம்புத் தண்ணீர் தெரியாது என்பதால் கறுப்பு. அடியில் பொத்தான் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பார். மூன்று வாளி வரிசையாகப் பொத்தானின் நாலு ஓட்டையும் எண்ணுகிற மாதிரி தெரிந்தால்தான் கை வலதுபக்கம் போகும். நடுவில் ஒரு வாளி கலங்கினாலும் கணக்கு முதலில் இருந்து.

எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காது. நான் வெளிநாட்டில் இருக்கிறவன். வருஷத்துக்கு ஒருமுறை, பதினைந்து நாள். நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். அவர் மழையைப் பார்த்து, "வா, வா, அவசரம் இல்ல," என்பார், வாசலுக்கு வந்த உறவுக்காரரிடம் சொல்வது போல.

ஒரு தடவை கேட்டார். "தம்பி, நீங்க இருக்கிற நாட்டுல மழை உண்டுல்ல?"

"நிறைய உண்டுண்ணே."

"உங்க வீட்டுக் கூரைத் தண்ணி எங்க போகுது?"

யோசித்தேன். "தெரியலண்ணே."

"பத்து வருஷமா இருக்கீங்க!"

"பத்து வருஷமா ஆபீஸ் போயிட்டு வர்றேன்."

"சரிதான். கூரை இருக்குன்னாவது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அக்கா பக்கம் திரும்பி, "படிச்ச புள்ள, கோவிச்சுக்கப் போவுது," என்றார்.

அந்தத் தப்பு நடந்த வருஷம் மழை தாமதமானது. வெயில் தாங்காமல் சுண்ணாம்பு இரண்டாவது பூச்சும் அடிக்க வேண்டியிருந்தது. தொட்டியில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். உள்ளே பன்னிரண்டாயிரம் மிளகாய் நாற்று, இன்னும் மூன்று வாரத்தில் தோட்டக்காரர்கள் வந்து எடுக்க வேண்டியவை. நான் ஊருக்குப் போனது அப்போதுதான். போனில் வானிலைப் படத்தைக் காலை எழுந்ததும் பார்ப்பேன், பல் தேய்த்துவிட்டு மறுபடி பார்ப்பேன். அதற்குள் மாறியிருக்காது என்று தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்.

தையல்காரிக்கு அந்த மாதம் கண் மங்கியது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. ஒரு வியாழக்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றார் பூனையண்ணன். நாலு மாதத்தில் அவர் கேட்ட முதல் லீவு. போவதற்கு முன் என்னை வால்வு முன்னால் நிறுத்தினார்.

"மழை வராது. வந்தா?"

"பொத்தான் தெரியணும்."

"எத்தனை வாளி?"

"மூணு."

"நடுவுல மழை விட்டுடுச்சுன்னா?"

"விட்டதுதான்."

"அதான். போனதுக்கு அழக் கூடாது," என்றார். கைப்பிடியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

பதினொரு மணிக்கு மேல் காற்று கிளம்பியது. பதினொன்றரைக்கு மழை. முதலில் கூரையில் கல் விழுகிற மாதிரி நாலு துளி, பிறகு பேச முடியாத சத்தம். இரண்டாவது குடிலின் பக்கவாட்டுத் தாள் காற்றில் கிழிந்து படபடத்தது. அக்கா வேலைக்காரப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அதைப் பிடிக்க ஓடினாள். ஓடும்போதே, "நீ வால்வப் பாரு!" என்று கத்தினாள்.

நான் வாளியைப் பிடித்தேன். பால். கொட்டினேன். பிடித்தேன். பால். இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அல்லவா, எவ்வளவு கொட்டியும் தெளியவே இல்லை. சாக்கடைக்குள் தண்ணீர் வேகமாகச் சுழன்று ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் போயிருக்கும். சட்டைப்பையில் இருந்து போனை எடுத்துப் பார்த்தேன். இன்னும் பத்து நிமிஷத்தில் மழை நிற்கும் என்று போட்டிருந்தது. மேற்கே வெளிச்சமும் தெரிந்தது. மறுபடி வாளி. இந்தத் தடவை அடியில் சிவப்பாக ஏதோ இருப்பது போலத் தெரிந்தது. பொத்தான் என்று சொல்ல முடியாது, அங்கே பொத்தான் இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மட்டும் தெரிகிற ஒரு நிறம்.

வலதுபக்கம் திருப்பினேன்.

மழை பத்து நிமிஷத்தில் நிற்கவில்லை. இரண்டரை மணி நேரம் பெய்தது. அரை மணியில் வாளித் தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. நாலு ஓட்டையும் தெரிந்தது. பிறகு வந்த தண்ணீரே தொட்டியை நிரப்பப் போதுமாக இருந்தது. அவசரமே இல்லை. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அதை உணர்ந்தபோது, முதலில் போனது எப்படியும் கரைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அக்கா தலை முதல் கால் வரை நனைந்து வந்தாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பொத்தான் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது," என்றேன். அந்த நிமிஷத்தில் அது பொய்யும் இல்லை. இத்தனை வருஷமாக நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு சமாதானத்தைத்தான்.

சுண்ணாம்பு கரையவில்லை. அடியில் போய்ப் படிந்தது. பம்பின் வாய் இருந்தது அடியில்தான். ஐந்தாவது நாள் நாற்றின் இளம் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளுப்பு. தெளிப்பான்களின் மூக்கில் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொண்டது. ஏழாவது நாள் பூனையண்ணன் வடிகட்டித் துணியைக் கழற்றிக் கொண்டுவந்து அக்கா முன்னால் பிரித்துக் காட்டினார். உள்ளே மாவு மாதிரி ஒரு விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு.

"இவ்வளவு எப்படிண்ணே உள்ள போச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"வால்வு சீக்கிரம் திரும்பியிருக்கும்மா."

"தம்பி பொத்தானைப் பாத்துத்தான் திருப்பினான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக எல்லாம் இல்லை. கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று தேடுகிற பார்வை. "தம்பி, மூணு வாளியும் பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றேன்.

"அப்படின்னா துணியில இவ்வளவு வராதே."

"ரெண்டாவது பூச்சு நீங்க கலந்ததுல பதம் தப்பியிருக்கும்ணே," என்றாள் அக்கா. "பசை கூடிப் போயிருக்கும். முதல்ல விடாம, பின்னாடி பெயர்ந்து வந்திருக்கு."

"பின்னாடி வந்தா பொத்தான் மறுபடி மறைஞ்சிருக்கும்மா. தம்பி அங்கதானே நின்னாரு."

"அப்ப என் தம்பி பொய் சொல்றான்ங்கறீங்களா?"

தெளிப்பான் ஒன்று அடைப்பு விட்டுச் சீறியது. நான் பேசியிருக்க வேண்டிய இடம் அது. நாலு வார்த்தை. வாயைத் திறக்கவும் திறந்தேன். அக்கா அதை நான் அவமானப்பட்டுத் தவிப்பதாக எடுத்துக்கொண்டு என் தோளில் கை வைத்தாள். அந்தக் கை பட்டதும் என்னால் முடியாமல் போனது.

பூனையண்ணன் துணியை நாலாக மடித்தார். "நான் கலந்த சுண்ணாம்புன்னு சொல்லிட்டீங்க. சரிம்மா," என்றார். வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அக்கா இரண்டு தடவை போன் செய்தாள். தையல்காரி எடுத்து, "கேட்டுச் சொல்றேன்," என்றாள், சொல்லவில்லை. நான் அந்த வாரக் கடைசியில் விமானம் ஏறினேன். பன்னிரண்டாயிரத்தில் மூவாயிரம் நாற்று தேறியது.

மூன்று வருஷம் நான் அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. போனில் பேசும்போதெல்லாம் மழை பற்றி விசாரிப்பேன், பூனையண்ணன் பற்றி விசாரிக்க மாட்டேன். அவர் பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறார் என்று ஒருமுறை அவளாகவே சொன்னாள். "பஸ் கூரைதானே, உயரம் சரியா இருக்கும்," என்று நான் ஏதோ ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

போன மாதம் ஒருநாள் வேறு பேச்சோடு பேச்சாக அக்கா சொன்னாள்: "ஆத்துக்கு அந்தாண்ட பெரிய நாற்றுப் பண்ணை வந்திருக்குல்ல, பத்துக் குடில். அங்க பூனையண்ணன் வேலை கேட்டிருக்காரு போல. அந்தப் பண்ணை முதலாளி எங்கிட்ட விசாரிச்சாரு."

"நீ என்ன சொன்னே?"

"உள்ளதைத்தான் சொன்னேன். நாணயமான மனுஷன், கூரை வேலையில அவரை அடிச்சுக்க ஆளில்ல, சுண்ணாம்பு கலக்க மட்டும் விடாதீங்கன்னு."

"எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்லையாம். கூரை வேலைன்னா சுண்ணாம்பு இல்லாமலா?" என்றாள். "எனக்கே சங்கடமாத்தான் இருந்துச்சு. என்ன பண்றது, கேட்டா பொய் சொல்ல முடியுமா?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு நான் சொல்லிவிட்டேன். நின்றபடியே சொன்னேன். பால் தண்ணீர், போன், மேற்கே தெரிந்த வெளிச்சம், சிவப்பாக ஏதோ, எல்லாவற்றையும். மறுமுனையில் நாற்றுத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"மூணு வருஷம்," என்றாள். "நான் அந்த மனுஷனை..." முடிக்காமல் போனை வைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்துத்தான் அவளிடம் இருந்து அழைப்பு வந்தது. இரண்டு இடத்துக்குப் போயிருக்கிறாள். முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே வேறு ஆள் சேர்த்து ஒரு வாரம் ஆகிவிட்டதாம். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றாராம் அந்த முதலாளி. பிறகு பூனையண்ணன் வீட்டுக்கு. டிப்போவில் இருந்து வந்து, ஈரக் கால்சட்டையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.

"என்ன சொன்னே அக்கா?"

"நடந்ததைச் சொன்னேன். மன்னிச்சிடுங்கண்ணேன்னேன். திரும்ப வந்துடுங்கன்னேன்."

"அவர்?"

"டீயக் குடிச்சு முடிச்சாரு. இப்ப முட்டி மடங்க மாட்டேங்குது, வாய்க்கால்ல நடக்க முடியாதும்மான்னாரு. நிஜமா, இல்ல எனக்காகச் சொன்னாரான்னு தெரியல. ஆத்துக்கு அந்தாண்ட கூரை வேலை கேட்டவருக்கு முட்டி எப்படி மடங்காமப் போகும்?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அண்ணிதான் பேசினா. அழுத்தமா ஒரு வார்த்தை. 'அன்னிக்கு எனக்காக லீவு போட்டாரு'ன்னா. அவ்வளவுதான். அதுக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"இல்ல."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"துணியை மாத்திட்டீங்களான்னு கேட்டாரு. அதே துணிதான்ணே, கழுவிக் கழுவிப் போட்டிருக்கேன்னேன். அது இத்துப் போயிருக்கும், அடுத்த மழைக்குத் தாங்காதுன்னாரு. எந்திரிச்சுப் போயி அண்ணி மிஷின் மேல இருந்த டேப்பை எடுத்துக் கொடுத்து, 'நாலு முழம் சுத்தளவு, வாய்க்கு நாடா வச்சுத் தை'ன்னாரு. நான் உட்கார்ந்திருக்கும்போதே தைச்சுக் கொடுத்துட்டா. வாங்கிட்டு வந்துட்டேன்."

"மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன். சரியா உக்காந்துடுச்சு," என்றாள். "அவரு வந்து அளக்கவே இல்ல, தெரியுமா? மூணு வருஷம் கழிச்சு, மனசுல இருந்தே சொன்னாரு."